ஒரு வாரம் தாங்கும் கூர்

நியூ ஜெர்சியில் பனி விழாத ஜனவரி வந்தால் ஊரே அப்பாடா என்று மூச்சு விடும். காரைத் தோண்டி எடுக்க வேண்டாம், வாசலில் உப்புப் போட வேண்டாம், வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ள வேண்டாம். அப்பேர்ப்பட்ட ஜனவரியில் வெஸ்ட் வின்ட்சரில் ஒரே ஒருத்தி மட்டும் சமையலறை ஜன்னலருகே நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். "விழுந்து தொலையேன். உனக்கு என்ன கேடு வந்துச்சு இந்த வருஷம்?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

அவளுக்குப் பனி மேல் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். கோவில்பட்டி வெயிலில் வளர்ந்தவள். அமெரிக்கா வந்து இருபது வருஷம் ஆகியும் அக்டோபரிலேயே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு முனகுகிற ரகம். ஆனால் பனி விழுந்தால்தான் தெரிந்த பையன்கள் பசுபதியும் தீபக்கும் போகோனோ மலைக்கு, பலகை கட்டிப் பனியில் சறுக்குகிற ஸ்கீ விளையாட்டுக்குப் போவார்கள். போனால்தான் அவர்களுடைய ஸ்க்ரேப்பர் மழுங்கும். மழுங்கினால்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் வீட்டு மணியை அடிப்பார்கள். வேறு யாரும் அந்த மணியை அடிப்பதில்லை. அதனால்தான் வானத்துக்கு அத்தனை ஏச்சு.

ஸ்க்ரேப்பர் என்றதும் பெரிய இயந்திரம் என்று வாயைப் பிளக்க வேண்டாம். உள்ளங்கையில் அடங்குகிற கெட்டிப் பிளாஸ்டிக் சில்லு, அவ்வளவுதான். ஸ்கீ பலகை பனியில் வழுக்கி ஓட வேண்டுமென்றால் அதன் அடியில் மெழுகை உருக்கித் தேய்க்க வேண்டும். ஆறியதும் வேண்டாத மெழுகை இந்தச் சில்லால் சுரண்டி எடுக்க வேண்டும். சில்லின் விளிம்பு கூராக இருந்தால் மெழுகு சுருள் சுருளாகப் பூப்போல வந்து விழும். மழுங்கியிருந்தால் மெழுகு அப்பிக்கொள்ளும், மணிக்கட்டு வலிக்கும், மலையில் போய் நின்றால் பலகை நகராது. ஆகவே மலையில் பறக்கிறவனுடைய மானம் இந்தச் சில்லின் விளிம்பில்தான் இருக்கிறது.

இந்தப் பைத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அவளுடைய கணவர் சந்தானம். ஜெர்சி சிட்டியில் ஒரு பாங்கில் கம்ப்யூட்டர் வேலை. நாற்பத்தைந்து வயது வரை வீடு உண்டு, ரயில் உண்டு, வேலை உண்டு என்று இருந்த மனுஷன், ஆபீஸ்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று ஒரு சனிக்கிழமை மலைக்குப் போனார். நாள் முழுக்க விழுந்து எழுந்து, இடுப்பெல்லாம் நீலம் பாய்ந்து, நொண்டிக்கொண்டு வந்தார். "லக்ஷ்மி, பறக்கிற மாதிரி இருந்துச்சுடி" என்றார். பறந்த லட்சணத்துக்கு அவள்தான் ஒரு வாரம் ஒத்தடம் கொடுத்தாள்.

அதோடு விட்டாரா? சொந்தமாகப் பலகை வாங்கினார், பூட்ஸ் வாங்கினார், கராஜில் காரை வெளியே தள்ளிவிட்டு மேஜை போட்டார். மெழுகு தேய்க்க என்று தனியாக ஓர் இஸ்திரிப் பெட்டி விற்கிறான். அதை வாங்க மட்டும் மனசு வரவில்லை. வீட்டிலிருந்த பெட்டியை எடுத்தார், பலகையில் மெழுகைத் தேய்த்தார், துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தார். அடுத்த வாரம் கோயிலுக்குக் கிளம்பிய அனந்தலக்ஷ்மி மாம்பழக் கலர் பட்டுப்புடவையை விரித்து, அதே பெட்டியை முந்தானையில் வைத்தாள். வைத்த இடத்தில் ஆலிலை அகலத்துக்கு ஒரு திட்டு. அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கிழவர் வெளியே வந்து, போலீஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஸ்க்ரேப்பர் மழுங்கியபோது அதைவிடக் கூத்து. சந்தானம் அதைக் கத்தி தீட்டுகிற கருவியில் இழுத்தார். விளிம்பு ரம்பப் பல்லாகிப்போனது. கராஜின் சிமென்ட் தரையில் தேய்த்தார். உருண்டு போனது. கடைசியில், கோயம்புத்தூரிலிருந்து சுமந்து வந்த வெட் கிரைண்டர் கல்லில் தேய்த்துப் பார்க்கலாம் என்று சமையலறைக்குள் நுழைந்தபோதுதான் அனந்தலக்ஷ்மி குறுக்கே நின்றாள்.

"என் மாவாட்டுற கல்லுல மெழுகைப் பூசுனீங்கன்னா இந்த வீட்டுல இனி இட்லியே கிடையாது. இங்க குடுங்க அதை."

பிடுங்கிக்கொண்டு போய் அவளே உட்கார்ந்தாள். ரூட் ஒன் நெடுஞ்சாலை மேல் ஒரு மருந்துக் கம்பெனியில் லாப் டெக்னீஷியன் வேலை அவளுக்கு. எதையும் நிதானமாகச் செய்து பழகிய கை. சந்தானத்தின் கை அவசரத்தில் சாய்கிறது என்பதைப் பார்த்ததுமே கண்டுகொண்டாள். தட்டையான அரத்தை மேஜையில் அசையாமல் இறுக்கினாள். பக்கத்தில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, சில்லை அதன் மேல் சாய்ந்துவிடாமல் நேராக ஒட்டிப் பிடித்தாள். அதில் ஒட்டியிருந்த மெழுகை முதலிலேயே துடைத்தெடுத்திருந்தாள். மெழுகு இருந்தால் அரத்தின் பல் அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரே பக்கமாக, அழுத்தாமல், இழுவை. முன்னும் பின்னும் தேய்த்தால் கதை கந்தல். கடைசியில் நைஸ் உப்புத்தாளால் பிசிறை ஒரு தடவு தடவி, கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுத்தாள். நகத்திலிருந்து வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது. "ஆத்தாடி! நீ எங்கடி கத்துக்கிட்ட?" என்றார் சந்தானம். "கத்துக்க என்ன இருக்கு? பொறுமை இருந்தா போதும். அதுதான் உங்ககிட்ட கிடையாதே" என்றாள்.

அன்றிலிருந்து அது அவள் வேலை ஆனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கராஜில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு அவர் மெழுகு தேய்ப்பார், அவள் சில்லைத் தீட்டுவாள். அவர் மலைக்கதை அளப்பார், அவள் நம்பாமல் உச்சுக் கொட்டுவாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்டு நோகடித்த வருஷங்கள் சில உண்டு. கராஜில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால் அந்த மெழுகு நாற்றத்தைத்தான் சொல்வாள். கோவில்பட்டிப் பையன் பசுபதி ஆபீஸில் வந்து சேர்ந்ததும், சந்தானத்தை அண்ணன் என்றும் இவளை மதினி என்றும் அழைத்துக்கொண்டு அவனும் அந்தக் கராஜுக்கு வந்தான். பிறகு சென்னைப் பையன் தீபக் வந்தான். பசுபதியின் மனைவி ஜலஜா உள்ளே அனந்தலக்ஷ்மியோடு வடைக்கு அரைப்பாள். சனிக்கிழமை இரண்டு பெண்களும் எடிசனுக்குப் போய் ஓக் ட்ரீ ரோடு முழுக்கச் சுற்றி, காய்கறியும் ஊர்வம்புமாகத் திரும்புவார்கள்.

ஒரு வசந்த காலக் காலையில் சந்தானம் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் காரைப் பூட்டிவிட்டு ரயிலுக்கு நடந்தார். நடந்தவர் பாதியில் தரையில் உட்கார்ந்தார். அதோடு சரி. மலையில் அத்தனை தரம் விழுந்து எழுந்த மனுஷனுக்குக் கார் நிறுத்துகிற இடத்தில்தானா சாவு வர வேண்டும்? அனந்தலக்ஷ்மி இதை நினைத்து நினைத்து ஆத்திரப்பட்டாள். அழுததை விட ஆத்திரப்பட்டதுதான் அதிகம்.

பதினாறாம் நாள் வரை வீடு நிறைய ஆள். முறை வைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டுவந்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது, நம்மவர்கள் சாவுக்கு வந்து நிற்பார்கள். அதற்குப் பிறகுதான் சத்தமில்லாமல் ஒரு கதவு சாத்திக்கொண்டது. நவராத்திரிக்கு ஜலஜா வீட்டில் கொலு. இவளுக்குத் தகவல் இல்லை. யார் வீட்டிலோ வளைகாப்பு, யார் வீட்டிலோ பிறந்தநாள். இவளுக்குத் திங்கட்கிழமைதான் தெரியும், அதுவும் கடையில் பார்த்த யாரோ உளறினால். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பாவம். 'அக்காவைக் கூப்பிட்டா அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்' என்று அவளுக்கும் சேர்த்து அவர்களே கஷ்டப்பட்டு முடிவு செய்துவிட்டார்கள். கஷ்டமா இருக்குமா என்று அவளை ஒருத்தர் கேட்கவில்லை. ஜலஜா முதலில் போனில் பேசினாள். பேச்சு நடுவில் நின்று நின்று போனது. பிறகு போனும் நின்றது. அனந்தலக்ஷ்மியா வாயைத் திறந்து கேட்கிறவள்? வராதவர்கள் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று இவளும் வீம்பாக உட்கார்ந்துகொண்டாள்.

லாபில் எட்டு மணி நேரம் குட் மார்னிங், ஹேவ் எ குட் ஒன். வீட்டுக்கு வந்தால் ஹீட்டர் ஓடுகிற சத்தம். டி.வி.யைச் சும்மா ஓட விடுவாள். சில நாள் திங்கட்கிழமை காலையில் லாபில் பேச வாயைத் திறந்தால் தொண்டை கட்டியிருக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரோடும் பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மணி அடித்தது. பசுபதியும் தீபக்கும் ஆளுக்கொரு ஸ்க்ரேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு செய்துவிட்டு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வாசலில் நின்றார்கள்.

"மதினி, கேக்கவே கூச்சமா இருக்கு. நாங்க தேய்ச்சுப் பாத்தோம், வரலை" என்றான் பசுபதி.

"கொண்டாங்க. அதைப் போய் ஏன் இப்படி வாழைப்பழம் மாதிரி உருட்டி வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?" என்று வைதுகொண்டே கதவை அகலத் திறந்தாள்.

கராஜில் விளக்கு எரிந்தது. அரம் சத்தம் கேட்டது. அவசரத்துக்கு வெங்காய பஜ்ஜி போட்டாள். சந்தானத்தின் கதைகளைச் சொல்லி மூவரும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக்கொண்டே அவள் அழுதாள். ஆனால் அது வேறு அழுகை. அடுத்து அவர்கள் வந்தபோது உளுந்தை ஊறவைத்துத் தயாராக இருந்தாள். பனிக்காலம் முழுக்க அவர்கள் வந்தார்கள். ஜலஜா மட்டும் வரவில்லை. "பசங்க ஹோம்வொர்க்கு மதினி" என்று பசுபதி தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லுவான். இவள் அதற்கு மேல் கேட்க மாட்டாள்.

அடுத்த வருஷம் வந்ததுதான் நான் முதலில் சொன்ன பாழாய்ப்போன ஜனவரி. பனியே இல்லை. டிசம்பரில் அவள் தீட்டிக் கொடுத்த சில்லு அப்படியே கூராக இருந்தது. வாரா வாரம் உளுந்து ஊறியது. ஊறியதைத் தனியாக அரைத்துத் தனியாகத் தின்றாள். பிப்ரவரியில் ஒரு வழியாகப் பனி விழுந்து, மலை திறந்து, அவர்கள் வந்து நின்றபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர்கள் உள்ளே வடை தின்றுகொண்டிருந்தார்கள். அவள் கராஜில் தனியாக நின்று தீபக்கின் சில்லை நகத்தில் இழுத்துப் பார்த்தாள். அபாரமான கூர். இதை இப்படியே கொடுத்தால் மார்ச் வரை தாங்கும். மார்ச்சோடு பனி முடியும். அப்புறம் அடுத்த டிசம்பர். தன்னுடைய கைத்திறன்தான் தனக்கு எமன் என்பது அந்த நேரத்தில் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. உப்புத்தாளை எடுத்தாள். விளிம்பில் வைத்து, லேசாகச் சாய்த்து, ஓர் இழுப்பு. கை தானாகச் சாய்ந்தது என்று சொன்னால் பொய். சாய்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மலைக்கு ஒரு தடவை போய் வந்தால் போதும், மொக்கையாகிவிடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மணி அடித்தது. அதற்கு அடுத்ததும் அடித்தது.

சும்மா சொல்லக்கூடாது, அவளுக்குக் குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. சில்லை ஒப்படைக்கும்போது பசுபதியின் முகத்தைப் பார்க்க மாட்டாள். அடுத்தவன் சாமானைக் கெடுத்துக் கொடுக்கிறோமே என்று சாமி படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். வெள்ளிக்கிழமை வந்தால் உப்புத்தாளை எடுத்துவிடுவாள். அந்தப் பனிக்காலம் இப்படி ஓடியது, அடுத்ததிலும் பாதி ஓடியது. தீபக் ஒரு முறை விரல் கொப்புளத்தைக் காட்டினான். "என்னன்னே தெரியலை ஆன்ட்டி, ஸ்க்ரேப் பண்ண ரொம்ப ஃபோர்ஸ் குடுக்க வேண்டியிருக்கு" என்றான். அவள் அவன் தட்டில் இன்னும் இரண்டு வடையை வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் கையில் ஸ்க்ரேப்பர் இல்லை. ஒரு காகிதப் பை இருந்தது. தீபக் அதிலிருந்து தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தான். நடுவில் பள்ளம் வெட்டி, உள்ளே அரம் பொருத்தியது.

"ஆன்ட்டி, இனிமே நீங்க ஸ்ட்ரெய்ன் பண்ணிக்கவே வேண்டாம். இதுல ஸ்க்ரேப்பரை வெச்சு ரெண்டு தடவை இழுத்தா போதும். சாயவே சாயாது. வீட்டுலயே ஷார்ப் பண்ணிக்கலாம். ஆளுக்கு ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டோம்" என்றான்.

அவள் பெட்டியைப் பார்த்தாள், தொடவில்லை. "ஏன், என் வேலை பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல மதினி" என்று பசுபதி பதறினான். "தப்பா எடுத்துக்காதீங்க. கூரு முன்ன மாதிரி நிக்க மாட்டேங்குது. உங்களுக்கும் கண்ணு அப்படியே இருக்குமா? கையும் லேசா நடுங்குதோ என்னமோ. நாங்க பாட்டுக்கு வாராவாரம் வந்து உங்க மேல பாரத்தை ஏத்திட்டு இருக்கோம். அண்ணன் இருந்தா எங்களைத் திட்டுவாரு."

கையா நடுங்குகிறது? இந்தக் கையா? அனந்தலக்ஷ்மிக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அரத்தை எடுத்து அவன் கண் முன்னால் ஒரு சில்லைத் தீட்டிக் காட்ட ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் காட்டிவிட்டால் அடுத்த கேள்வி வருமே. இத்தனை நாள் ஏன் மழுங்கியது? கை போய்விட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கள்ளத்தனம் செய்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். "ஆமாப்பா, வயசாகுதுல்ல" என்றாள். சொல்லிக்கொண்டே வடைத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

அவர்கள் நிம்மதியாக வடை தின்றார்கள், நன்றி சொன்னார்கள், போனார்கள்.

அதற்குப் பிறகு நல்ல பனி பெய்தது. விழுந்து தொலையேன் என்று போன வருஷம் வானத்தைத் திட்டினாளே, அது இப்போது கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஜன்னலில் நின்று, தெருவில் கார் விளக்குகள் போவதைப் பார்த்தாள். ஒன்றும் இவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. வராதது கூட அவளுக்குப் பெரிதாக இல்லை என்று சொல்லிக்கொண்டாள். கை நடுங்குகிறது என்றானே, அதுதான் தாங்கவில்லை என்றாள். இரண்டுமே தாங்கவில்லை என்பதுதான் உண்மை.

கராஜில் சந்தானத்தின் ஸ்க்ரேப்பர் ஆணியில் தொங்கியது. தீட்டித் தீட்டி அகலம் குறைந்து பாதியாகிப்போன சில்லு. அவர் போன பிறகு அவள் அதைத் தொட்டதில்லை. அன்றைக்கு எடுத்தாள். ஒட்டியிருந்த பழைய மெழுகை வழித்தாள். அது அவர் தேய்த்த மெழுகு. அதைத் தூக்கிப்போட மனசு வராமல் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தாள். பிறகு அரத்தில் இழுத்தாள். ஒரு பக்கம், ஒரே சீராக. கை நடுங்கவில்லை. உப்புத்தாளை நேராகப் பிடித்துப் பிசிறை எடுத்தாள். நகத்தில் வைத்ததும் சீவிக்கொண்டு போனது.

சனிக்கிழமை விடிந்ததும் காரை எடுத்தாள். பசுபதி வீட்டு டிரைவ்வேயில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. பசுபதியும் தீபக்கும் கூரையில் பலகைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஜலஜா காபி ஃபிளாஸ்க்கோடு நின்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் அனந்தலக்ஷ்மியைப் பார்த்ததும் அவள் ஓர் எட்டுப் பின்னால் போனாள்.

"மதினி! என்ன இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதும்..." என்றான் பசுபதி.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதை நகத்துல வெச்சு இழுத்துப் பாரு" என்று கொண்டுவந்த சில்லை நீட்டினாள்.

பசுபதி கையுறையைக் கழற்றிவிட்டு இழுத்தான். கட்டைவிரல் நகத்திலிருந்து நூல் மாதிரி ஒரு சீவல் எழுந்து வந்தது. அவன் அந்தச் சில்லை அடையாளம் கண்டுகொண்டான். "அண்ணனோடது" என்றான்.

"அண்ணனோடதுதான். நேத்து நான் தீட்டுனது. என் கை நடுங்கலை பசுபதி. கண்ணும் நல்லாத் தெரியுது. உங்களோடதை எல்லாம் நான் வேணும்னேதான் மழுக்கிக் குடுத்தேன். தீட்டி முடிச்சுட்டு, கடைசியா உப்புத்தாளைச் சாய்ச்சு ஒரு இழுப்பு இழுத்துருவேன்."

தீபக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். பசுபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதுக்கு மதினி?" என்றான்.

"எதுக்கா? சீக்கிரம் மழுங்குனாத்தானடா நீங்க சீக்கிரம் வருவீங்க!"

சொல்லிவிட்டாள். சொல்லும்போது குரல் கிறீச்சிட்டது. பசுபதி கழற்றிய கையுறையை முறுக்கினான். "அதுக்கு... சொல்லியிருந்தா சும்மாவே வந்திருப்போமே மதினி" என்றான்.

"சும்மா வர்ற ஆளுங்க சொல்லாமலே வருவாங்க. போங்க, லேட்டாகுது. தீபக், அந்தக் கையைப் பாத்துக்கோ. கொப்புளத்துக்கு நான்தான் காரணம், மன்னிச்சுக்கோப்பா."

காரைத் திருப்பிக்கொண்டு வந்தவள் ரூட் ஒன் சிக்னலில் நின்றபோது ஸ்டியரிங்கில் அடித்துக்கொண்டு அழுதாள். இருந்த மரியாதையும் போச்சே, லூசு, உனக்கு எதுக்குடி இந்த வேலை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பச்சை விழுந்து பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். அவனையும் திட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. எந்த முகத்தோடு வருவார்கள்? அவள் உளுந்து ஊறப்போடவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் போடவில்லை. கராஜ் மேஜையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். அரத்தை எண்ணெய் தடவி டப்பாவுக்குள் வைத்தாள். இந்த வீட்டை விற்றுவிட்டு லாபுக்குப் பக்கத்தில் சின்ன அபார்ட்மென்ட் பார்க்கலாம், அங்கே மணி இல்லாத கதவாக இருந்தால் இன்னும் நல்லது என்று நினைத்தாள்.

அதற்கும் அடுத்த வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் மணி அடித்தது.

ஜலஜா நின்றாள். தனியாக. கோட்டுப் பொத்தானைக் கூடப் போடாமல் வந்திருந்தாள். கையில் ஒரு தோசைத் திருப்பி. அதை நீட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற மாதிரி, "அக்கா, இது... இது மழுங்கிப்போச்சு. தோசை எடுக்கவே வரமாட்டேங்குது. தீட்டித் தர முடியுமா?" என்றாள்.

அனந்தலக்ஷ்மி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பளபளவென்று புத்தம் புதுசு. கைப்பிடியில் ஓக் ட்ரீ ரோடு கடையின் ஸ்டிக்கர் கூடக் கிழியவில்லை. தோசைத் திருப்பியை எவளாவது தீட்டுவாளா என்று நாக்கு நுனி வரை வந்தது. நிமிர்ந்து ஜலஜாவைப் பார்த்தாள். அவள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னதை வாசல்ல நின்னு கேட்டேன்க்கா" என்றாள் ஜலஜா. "எனக்கு உங்ககிட்ட என்ன பேசுறதுன்னு தெரியலை. அண்ணன் போனதுலேருந்தே தெரியலை. கொலுவுக்குக் கூப்பிடலாமா கூடாதான்னு ஒவ்வொரு வருஷமும் போனைக் கையில எடுத்துட்டு எடுத்துட்டு வெச்சிருவேன். இப்பவும் சும்மா வர்றதுக்கு தைரியம் இல்ல. அதான் கடைக்குப் போயி இதை..."

அனந்தலக்ஷ்மி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தோசைத் திருப்பியின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து, ஸ்க்ரேப்பரைப் பார்ப்பது போலவே நிதானமாக இழுத்துப் பார்த்தாள்.

"ரொம்பத்தான் மழுங்கியிருக்கு. லேசுல முடியாது, நேரமாகும். உள்ள வா, கோட்டைக் கழட்டு. உளுந்து கூட ஊறப்போடலை, உப்புமாதான் இருக்கு, பரவாயில்லையா?"

"பரவாயில்லக்கா."

கராஜ் விளக்கைப் போட்டாள். மேஜையை விரித்தாள். ஜலஜா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, பெரியவன் கணக்கில் வாங்கிய மார்க்கில் ஆரம்பித்து, யார் யார் வீட்டில் என்னென்ன என்று மூன்று வருஷத்து வம்பையும் அவிழ்க்கத் தொடங்கினாள். அனந்தலக்ஷ்மி உச்சுக் கொட்டிக்கொண்டே, தீட்ட வேண்டிய அவசியமே இல்லாத அந்தத் தகட்டை அரத்தில் மெல்ல மெல்ல இழுத்தாள்.

கிளம்பும்போது அதைக் காகிதத்தில் சுற்றி ஜலஜா கையில் கொடுத்தாள்.

"இங்க பாரு, இது ஒரு வாரத்துக்கு மேல தாங்காது."

"தெரியும்க்கா" என்றாள் ஜலஜா. "வர்ற வெள்ளிக்கிழமை கொண்டு வர்றேன்."